'எதிர்பார்ப்பு' என்ற சொல்லின் பொருள் என்ன? ஆசை, நம்பிக்கை இவற்றிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

நான் தமிழாசிரியர் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே டைப்பிங், லேமினேஷன். ஆனால் இந்தச் சொல்லை வாரத்துக்கு நாலைந்து தடவையாவது டைப் செய்கிறேன். கல்யாண பயோடேட்டாவில் ராசிக் கட்டம், கூடப் பிறந்தவர்கள், சொத்து விவரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியாக வருமே, அந்த 'எதிர்பார்ப்பு'. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சொல்லைப் பிரித்தால் எதிர் + பார்ப்பு. 'எதிர்' என்றால் முன்னால் இருப்பது; வரப்போவதும் அதுதான். தொல்காப்பியம் எதிர்காலத்தை 'எதிர்வு' என்கிறது. 'எதிரதாக் காக்கும் அறிவினார்' என்று வள்ளுவர் சொல்வது (குறள் 429), வரப்போவதை முன்கூட்டியே அறிந்து காத்துக்கொள்பவர்களை. ஆக, ஒன்று வருகிற திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான் எதிர்பார்த்தல். வருவதற்கான அறிகுறி ஏதாவது இருக்க வேண்டும். ஆசைக்கு அந்த நிபந்தனை கிடையாது.

எங்கள் ஊர் வழக்கில் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனால் மார்க்கெட்டில் மீன் வரத்து கூடும் என்பது எதிர்பார்ப்பு. வஞ்சிரம் நமக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு இறங்கும் என்பது ஆசை. "நாளைக்கு வா தம்பி, உனக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன்" என்று மீன்கார அக்கா சொன்னதற்காக மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேனே, அது நம்பிக்கை. எடுத்து வைக்கவில்லை என்றால் அக்காமேல்தான் கோபம் வரும். வரத்து குறைந்தால் யார்மேல் கோபப்படுவது?

இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெக்ட்' என்பதை நல்லதுக்கும் சொல்லலாம், கெட்டதுக்கும் சொல்லலாம். தமிழில் கெட்டதோடு சேர்த்தால் இந்தச் சொல் நெருடும். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது, கரையைக் கடக்கும் என 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று செய்தியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "புயல எவன்டா எதிர்பாக்குறான்? அது என்ன விருந்தாளியா?" என்றது. 30ஆம் தேதி காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பாட்டி வீட்டு முந்திரித் தோப்பில் 4 மரம் மிஞ்சியது.

பாட்டி சொன்னதில் இலக்கணமும் இருக்கிறது. நம் சொல்லுக்குள் 'வரட்டும்' என்கிற வரவேற்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பத்திரிகைகளில் உயிரிழப்பு கூடும் என்று 'அஞ்சப்படுகிறது' என எழுதுகிறார்கள். அங்கே 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று போட்டுப் பாருங்கள், கல் நெஞ்சுக்காரன் எழுதியதுபோல் இருக்கும். (ஆங்கிலத்தில் பிள்ளைத்தாய்ச்சியைக்கூட 'எக்ஸ்பெக்டிங்' என்பார்கள். நம் வீடுகளில் 'முழுகாம இருக்கா' தான்.)

கணக்கில் இதே சொல் வேறு வேலை பார்க்கிறது. ஆறு முகப் பகடையை உருட்டினால் கிடைக்கும் எண்ணின் எதிர்பார்ப்பு மதிப்பு 3.5. ஆயுசு முழுக்க உருட்டினாலும் 3.5 விழாது. பல தடவை உருட்டி எடுக்கிற சராசரி அதை நெருங்கும், அவ்வளவுதான்.

பேச்சில் பெரும்பாலும் 'எதிர்' கழன்றுவிடும். "நீ வருவேன்னு பாக்கவே இல்ல", "இப்படிப் பண்ணுவேன்னு நெனைக்கல" என்றுதான் சொல்வோம். பேச்சில் யாராவது முழுசாக 'எதிர்பார்க்கிறார்' என்றால் எனக்குக் காது நிமிரும், அதுவும் எதை என்று சொல்லாமல் விட்டால். ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று வாரம் நடந்தேன். மனு சரி, இணைப்புகள் சரி. கடைசியில் வாசலில் நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "சார் கொஞ்சம் எதிர்பார்க்கிறாரு." செயப்படுபொருள் இல்லாத வாக்கியம். எனக்கு விளங்காமல் போகவில்லை.

கல்யாணப் பேச்சிலும் இதே கதைதான். "எங்களுக்கு எதிர்பார்ப்பு எதுவும் இல்லைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதப் போடுங்க" என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பவுன் கணக்குப் போடாத பெண் வீட்டாரை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் தடைக்காலத்தில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் மனைவியோடு கடைக்கு வந்தார். மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். எல்லா வரியும் அவர்தான் சொன்னார்; நான் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் கை நின்றது.

"எதிர்பார்ப்பு என்னன்னு போடட்டும்ணே?"

"ஒண்ணும் இல்லன்னு போடுப்பா."

அதுவரை வாயே திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து வந்தது. "அப்படிப் போட்டா புள்ளைக்கு ஏதோ கொறைன்னு நெனைப்பாங்க தம்பி. எதையாவது போடு."

அவர், "அப்ப நல்ல குடும்பம்னு போடு" என்றார்.

"நம்மளது மட்டும் என்னவாம்?" என்றது அம்மா.

பத்து நிமிஷம் இதே பேச்சு. பின்னால் ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மா சொன்னதை அப்படியே அடித்தேன்: 'கடற்கரையோர வீட்டில் வந்து இருக்கச் சம்மதிக்கும் பெண்.' இத்தனை வருஷத்தில் அந்த வரியில் நான் அடித்தவற்றிலேயே தெளிவானது அதுதான். 10 பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்கள்.