சிபில் ஏன் அவனைக் கட்டிக்கொண்டாள்?

கேள்வி: ஒரே ஒரு பாத்திரத்தால் புகழ்பெற்று, அந்தப் புகழாலேயே மற்ற வேலைகள் மறைந்துபோன ஆங்கில நகைச்சுவை நடிகை என்று யாரைச் சொல்வீர்கள்?

ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ். இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

பெயரைக் கேட்டு யார் என்று தெரியாவிட்டாலும், 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு, அதில் இவர் நடித்த சிபில் என்றால் தெரிந்துவிடும். கொத்தாகத் தூக்கிக் கட்டிய கூந்தல், கையில் எப்போதும் ஒரு தொலைபேசி, மறுமுனையில் கணவனைப் பற்றிப் புலம்பும் தோழி. அந்தப் புலம்பலுக்கு இவள் "ஓ... ஐ நோ, ஐ நோ" என்று இழுத்து இழுத்துச் சொல்லும் பதில். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே அனுதாபம், சலிப்பு, வம்பு கேட்கும் ருசி, 'சீக்கிரம் முடியேன்' என்ற அவசரம் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்.

எனக்கு இந்தத் தொடர் மீது ஒரு தனிப் பாசம் உண்டு. காரணம் இலக்கியம் அல்ல, வயிற்றுப்பாடு. படிப்பு முடிந்த கையோடு ஒரு கோயில் ஊரில், பன்னிரண்டு அறை கொண்ட லாட்ஜ் ஒன்றில் மூன்று ஆண்டுகள் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்கு வாடிக்கையாளர்களைக் கண்டாலே ஆகாது. வெந்நீர் வரவில்லை என்று யாராவது கேட்டால், "குளிர்ந்த நீரில் குளித்தால் உடம்புக்கு நல்லது" என்று வைத்தியம் சொல்வார். முதலாளியம்மா வந்த பிறகுதான் வெந்நீர் வரும். அவரை நாங்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ராட்சசி என்றுதான் சொல்வோம். பிறகு சில ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொடுத்த வீடியோ கேசட்டில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' பார்த்தபோது முதல் இருபது நிமிடம் சிரித்தேன். அடுத்த இருபது நிமிடம் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். இந்த ஹோட்டலில் வேலை செய்கிறவள் சிபில் ஒருத்திதானே!

தொடரின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் டோர்க்கி என்ற ஊர். அங்கே பேசில் ஃபால்ட்டி என்பவர் மனைவி சிபிலுடன் ஒரு சிறு ஹோட்டல் நடத்துகிறார். பேசிலாக ஜான் கிளீஸ். எழுதியவர்கள் கிளீஸும் அப்போது அவர் மனைவியாக இருந்த கானி பூத்தும். 1970இல் கிளீஸ் இருந்த மாண்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் டோர்க்கியில் தங்கிய விடுதியின் உரிமையாளர் காட்டிய மரியாதையின்மைதான் கதைக்கு விதை. 1975இல் ஆறு பகுதி, 1979இல் ஆறு பகுதி, மொத்தமே பன்னிரண்டு. இடைப்பட்ட காலத்தில் கிளீஸும் பூத்தும் விவாகரத்தும் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டாவது ஆறையும் எழுதினார்கள். 2000இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் பிரிட்டனின் தலைசிறந்த நூறு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்குத்தான்.

ஸ்கேல்ஸ் அந்தப் பாத்திரத்துக்கு முதல் தேர்வு அல்ல. வேறொரு நடிகை மறுத்த பிறகுதான் அவரிடம் வந்தது. எழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு அவர் கிளீஸிடம் கேட்ட முதல் கேள்வி: இவர்கள் இருவரும் ஏன் கல்யாணம் செய்துகொண்டார்கள்? இதைக் கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன் என்பது போலக் கிளீஸ் முனகியிருக்கிறார். எழுதியவர்களிடமே பதில் இல்லை.

ஸ்கேல்ஸ் தானே ஒரு பதிலை உருவாக்கிக்கொண்டார். சிபில் தென்கடற்கரையில் உணவு விடுதித் தொழில் செய்த குடும்பத்துப் பெண். மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவள். ஒருநாள் பேசில் உள்ளே நுழைகிறான். நெட்டையாக, பெரிய இடத்துப் பிள்ளை போலப் பேசுகிறான். அந்தப் பேச்சில் இவள் விழுந்துவிட்டாள். ஆக, அவளுக்குத் தொழில் தெரியும், அவனுக்குத் தோரணை மட்டும் தெரியும். தன்னைவிட ஒரு படி மேலே இருப்பவனைக் கட்டிக்கொண்டோம் என்று நினைத்தவள், படியே இல்லை என்று தெரிந்துகொள்ளப் பத்து ஆண்டு ஆகியிருக்கும்.

இதை அவர் வாயால் விளக்கவில்லை, குரலிலும் உடையிலும் வைத்தார். உச்சரிப்பில் கொஞ்சம் கீழ்த்தட்டு வாடை. கொஞ்சம் மினுமினுப்பான ஆடைகள். கிளீஸும் பூத்தும் மனத்தில் வைத்திருந்தது வேறு மாதிரியான மனைவி. ஒத்திகையில் இவர் செய்ததைப் பார்த்து முதலில் திகைத்துப்போனார்கள். சில நாளில், தாங்கள் எழுதியதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டார்கள். கிளீஸே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நச்சரிக்கும் மனைவி என்பது உலகத்தில் எந்த மொழி நகைச்சுவையிலும் தேய்ந்துபோன நாணயம். நம்மிடமும் பூரிக்கட்டை ஜோக்குகளுக்குப் பஞ்சமா? கணவன் பயப்படுவான், மனைவி கத்துவாள், கூட்டம் சிரிக்கும். ஆனால் சிபில் எவ்வளவு நேரம் கத்துகிறாள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கத்துவதே இல்லை. "பேசில்!" என்று ஒரே ஒரு முறை, ஊசி இறக்குவது போல. அவ்வளவுதான், ஆறரை அடி மனிதர் நடுங்கிப்போகிறார். மற்ற நேரமெல்லாம் விருந்தினர்களிடம் சிரித்துப் பேசுகிறாள், கணக்குப் பார்க்கிறாள், நகத்துக்குச் சாயம் பூசுகிறாள். அவன் "என் குட்டிப் பிரானா மீனே" என்று கொஞ்சுவது போலக் குத்தினாலும் காதிலேயே வாங்குவதில்லை. அவளுடைய சிரிப்பைப் பற்றி, யாரோ ஒரு கடல்நாயை இயந்திரத் துப்பாக்கியால் சுடுவது போல இருக்கிறது என்று ஒரு முறை பேசில் சொல்வார். சிரிப்பைக் கேட்டால் அந்த உவமை கொஞ்சமும் மிகையில்லை என்பது புரியும்.

திருமண நாள் பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், 1979இல் வந்தது. பதினைந்தாவது மண நாள். நண்பர்களை அழைத்து ஆச்சரிய விருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, மறந்துவிட்டது போலப் பேசில் நடிக்கிறார். சிபில் ஜாடையாக நினைவூட்டிப் பார்க்கிறாள். பிறகு மனம் நொந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். நண்பர்கள் வந்து சேர்கிறார்கள். மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்ல மானம் தடுக்கிறது. உடம்பு சரியில்லை, மாடியில் படுத்திருக்கிறாள் என்று அவர் ஒரு பொய் சொல்ல, அது குட்டி போட்டுக்கொண்டே போகிறது. கடைசியில் பணிப்பெண் பாலிக்குச் சிபில் வேடமிட்டு இருட்டறையில் படுக்க வைக்கிறார்கள். அந்த நேரத்தில் நிஜச் சிபில் திரும்பி வருகிறாள். பேசில் அவளையே, சிபிலைப் போல இருக்கும் வேறொரு பெண் என்று நண்பர்களிடம் சொல்லிச் சமையலறை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார். சிரிப்பெல்லாம் கிளீஸுக்குத்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடித்தளம் போட்டது தொடக்கத்தில் ஸ்கேல்ஸ் காட்டிய வருத்தம். அது நிஜமான வருத்தம், கேலிச்சித்திரம் அல்ல. அவள் உண்மையாகவே நொந்துபோனாள் என்று நமக்குத் தோன்றாவிட்டால் பேசிலின் பொய்க்கு எடையே இருக்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன். மறைந்துபோன மற்ற வேலைகள் என்ன?

ஸ்கேல்ஸ் 1932இல் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை வழிப் பெயர் இல்லிங்வொர்த். மேடைக்குத் தாய் வழிப் பெயரான ஸ்கேல்ஸை எடுத்துக்கொண்டார். ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, 1951இல் பிரிஸ்டலில் மேடை நிர்வாக உதவியாளராகத் தொடங்கினார். 1954இல் டேவிட் லீன் இயக்கிய 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' படத்தில், சால்ஃபோர்டு நகரச் செருப்புக் கடைக்காரரின் மூன்று மகள்களில் ஒருத்தி. தந்தையாக நடித்தவர் சார்ல்ஸ் லாட்டன். லாட்டன் இருக்கும் காட்சியில் வேறு யாரும் கண்ணில் படுவது கடினம், இவரும் விதிவிலக்கல்ல. 1963 முதல் 1966 வரை 'மேரேஜ் லைன்ஸ்' தொடரில் ரிச்சர்ட் பிரையர்ஸுக்கு இளம் மனைவி. அதுதான் அவரை வீட்டுக்கு வீடு அறிமுகமாக்கியது.

சிபிலுக்குப் பிறகு வந்தவைதான் எனக்கு முக்கியம். 1985, 86இல் 'மேப் அண்ட் லூசியா'. ஒரு சிற்றூரின் சமூக அரியணைக்காக இரண்டு சீமாட்டிகள் தேநீர்க் கோப்பைகளை ஆயுதமாக வைத்துக்கொண்டு போரிடும் கதை. மேப் என்ற பொறாமைப் பிண்டமாக ஸ்கேல்ஸ், லூசியாவாக ஜெரால்டின் மெக்யூவன். கொலை வெறியைப் புன்னகைக்குள் மடித்து வைப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் இதைப் பாருங்கள். பிறகு 'ஆஃப்டர் ஹென்றி', கணவனை இழந்து, மேலே தாய் கீழே மகள் என்று ஒரே வீட்டில் நடுவே நசுங்கும் பெண்ணின் கதை. வானொலியில் நன்றாக ஓடியும் பிபிசி தொலைக்காட்சி அதை எடுக்கத் தயங்கியது, தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் எடுத்துக்கொண்டது. இதில் தாயாக நடித்த ஜோன் சாண்டர்சன்தான் 'ஃபால்ட்டி டவர்ஸில்' காது கேட்காத திருமதி ரிச்சர்ட்ஸாக வந்து பேசிலைப் பாடாய்ப் படுத்தியவர்.

1988இல் தேசிய நாடக அரங்கில் ஆலன் பென்னட்டின் நாடகம் ஒன்று. அரண்மனையின் ஓவியச் சேகரிப்பைக் கவனித்துக்கொண்ட ஆண்டனி பிளண்ட் சோவியத் உளவாளியாக இருந்தவர் என்பது வரலாறு. நாடகத்தில் அவர் ஓவியம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராமல் அரசி வருகிறார். எலிசபெத் அரசி அப்போது உயிரோடு, அரியணையில் இருக்கிறார். அவரை மேடையில் நடிப்பதே துணிச்சல். அரசி அசல் எது போலி எது என்று ஓவியங்களைப் பற்றிச் சாதாரணமாகத்தான் பேசுகிறார். இந்த அம்மாளுக்கு இவனைப் பற்றித் தெரியுமா, தெரியாதா? அந்தக் காட்சி முழுக்க இந்த ஒரு கேள்விதான் காற்றில் தொங்குகிறது. ஸ்கேல்ஸ் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. 1991இல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது, ஜேம்ஸ் ஃபாக்ஸ் பிளண்ட்டாக நடித்தார். இதற்கு முன்பே தொடங்கி, விக்டோரியா அரசியின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்து ஒரு தனிநபர் நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கொண்டு சென்று நானூறு முறைக்கு மேல் நிகழ்த்தினார். சிபிலை வைத்து இவரை எடைபோடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அதே உடம்பு, அதே தொண்டை, இரண்டு அரசிகள்.

திரைப்படங்களில் 'ஹவர்ட்ஸ் எண்ட்' (1992) சித்தியைச் சொல்வார்கள். அவருடைய மகன் சாமுவேல் வெஸ்ட்டும் அதில் நடித்திருக்கிறார். என் ஓட்டு 1996இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட, ஜேன் ஆஸ்டின் நாவலான 'எம்மா'வில் மிஸ் பேட்ஸுக்கு. வாய் ஓயாத ஏழை முதிர்கன்னி. பாக்ஸ் ஹில் சுற்றுலாவில் எம்மா அவளைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஒரு கேலியை உதிர்க்கிறாள். அது தன்னைத்தான் என்று புரிய மிஸ் பேட்ஸுக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. புரிந்த பிறகு அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. ஓட்டிவிடுகிறேன்.

டெஸ்கோ என்ற பிரிட்டிஷ் பேரங்காடியின் விளம்பரங்களில், எளிதில் திருப்தியடையாத வாடிக்கையாளர் டாட்டியாகப் பல ஆண்டுகள் வந்தார். நல்ல பணம் கிடைத்திருக்கும், சந்தோஷம்.

கணவர் திமதி வெஸ்ட்டும் பெரிய நடிகர். இருவரும் சந்தித்தது 1961இல், பிபிசி நாடகம் ஒன்றின் ஒத்திகையில். வேலைநிறுத்தத்தால் அந்த நாடகம் நின்றுபோக, சும்மா இருப்பானேன் என்று சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள். 1963இல் திருமணம். அறுபத்தோராண்டுகள் நீடித்தது.

2014இல் இருவரும் 'கிரேட் கனால் ஜர்னீஸ்' என்ற நிகழ்ச்சியில் கால்வாய்ப் படகில் வந்தார்கள். அதற்குள் ஸ்கேல்ஸுக்கு மறதி நோய் கண்டிருந்தது. அதை மறைக்கவில்லை. அவளுக்கு எதுவும் சரியாக நினைவிருப்பதில்லை, ஆனால் கால்வாயில் எதையும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை, நடப்பதை நடக்கும்போதே அனுபவித்தால் போதும் என்ற பொருளில் வெஸ்ட் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர் கரையில் மோதுவார், இவர் கிண்டல் செய்வார். நேற்று பார்த்த ஊர் மறந்துபோயிருக்கும், ஆனால் கிண்டலின் நேரக் கணக்கு ஒருபோதும் தப்பாது. கேரளக் காயல்களுக்கும் வந்து போனார்கள்.

வெஸ்ட் 2024 நவம்பரில் இறந்தார். இவர் 2025 அக்டோபர் 27 அன்று, தொண்ணூற்று மூன்றாவது வயதில். இறப்பதற்கு முதல் நாள் 'ஃபால்ட்டி டவர்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தார் என்று மகன்கள் தெரிவித்தார்கள். எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. நான் மருத்துவமனைப் பகுதி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சிபில் கால்விரல் அறுவைக்காகப் படுத்திருக்கிறாள். ஹோட்டலில் பேசில் மூஸ் மான் தலையொன்றைச் சுவரில் மாட்டத் தூக்குகிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. தலையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் எடுக்கிறார். பேசுவது சிபில். மாட்ட வேண்டியதை மாட்டியாயிற்றா என்று கேட்கிறாள்.