குவாரிக் குழியில் ஆய்வகம் கட்டலாமா?

கேள்வி: ராதாபுரம் பக்கம் கல் எடுத்து முடித்த குவாரி ஒன்று எங்கள் கல்லூரிக்குக் கிடைக்கிறது. ஆழம் 60 மீட்டர். மண், தண்ணீர் மாதிரிகளில் உள்ள மிகக் குறைந்த கதிரியக்கத்தை ஜெர்மேனியம் கருவியால் அளக்க, குழியின் அடியில் ஆய்வகம் கட்டலாமா?

பதில்: அடியில் வேண்டாம், பக்கச் சுவரைக் குடையுங்கள்.

இந்த வேலையில் ஆழம் என்றால் தலைக்கு மேல் உள்ள பாறையின் கனம். விண்கதிர்களால் வானிலிருந்து பொழியும் மியூவான் என்ற நுண்துகள்கள் கருவியின் அளவைக் கெடுக்கும்; பாறைதான் அவற்றைக் குறைக்கும். விரித்த உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. திறந்த குழிக்குள் அவை நேராக இறங்கிவிடும்; சரிந்து வருவதை மட்டும்தான் சுவர் மறிக்கும்.

முதல் பெஞ்சில் (குவாரிச் சுவரில் படிபோல வெட்டிய தளத்தில்), அடியிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் வாசல் வையுங்கள். குழியின் அடிமட்டத்திலேயே வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கும். 3 மீட்டர் உயரச் சுரங்கம் போக, மேலே 51 மீட்டர் கருங்கல் மிஞ்சும். மியூவானைத் தடுப்பதில் இது ஏறத்தாழ 135 மீட்டர் தண்ணீருக்குச் சமம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் பழைய பீர் ஆலை நிலவறைகளில் இயங்கும் பெல்சன்கெல்லர் ஆய்வகத்துக்கு மேலே இருப்பதும் 45 மீட்டர் பாறைதான். அங்கே மியூவான் வரத்து சுமார் 40-இல் ஒரு பங்காகிறது. உங்களுக்கு இது தாராளம். நியூட்ரினோ ஆய்வுக்குத்தான் தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்டதுபோல ஆயிரம் மீட்டருக்கு மேல் மலை வேண்டும்.

உள்ளே குறைந்தது 50 மீட்டர் போங்கள். இல்லாவிட்டால் குழிப் பக்கமிருந்து மியூவான் சரிவாக நுழையும். தரை நூற்றுக்கு ஒன்று என்று வாசலை நோக்கிச் சரியட்டும். ஊற்றுத்தண்ணீர் பம்ப் இல்லாமலே வடியும். வாசலையொட்டிய பாறை பழைய வெடிகளால் விரிசல் கண்டிருக்கும். அங்கே இரும்பு வளைவுகள் கட்டாயம்.

பெரிய தலைவலி ரேடான். பாறையிலுள்ள யுரேனியத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு இது. பலரும் வாசலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிடுகிறார்கள். அது உள்ளழுத்தத்தைக் குறைத்து, விரிசல்களிலிருந்து ரேடானை உறிஞ்சிக் கொண்டுவரும். குவாரியின் மேல்விளிம்பிலிருந்து குழாயில் காற்றைக் கொண்டுவந்து சுரங்கத்தின் கடைக்கோடியில் ஊதுங்கள். அது வாசல் வழியே வெளியேறட்டும். கருவி காட்டும் காமா நிறமாலையில், ரேடான் சிதைவால் வரும் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடு திடீரென உயர்ந்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

பூச்சுக்கலவையில் நம் கடற்கரை மணல் ஒரு கூடைகூட விழக்கூடாது. அதில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் உண்டு. எம்-சாண்டையும் சிமெண்டையும் லோடு இறக்கும் முன்பே மாதிரி எடுத்து காமா சோதனை செய்யுங்கள்.

கருவியைச் சுற்றி 10 சென்டிமீட்டர் ஈயம் வையுங்கள். 5×10×20 சென்டிமீட்டர் அளவு கட்டி ஒன்று 11.3 கிலோ இருக்கும். மேடையை அதற்கேற்ப வலுவாகக் கட்டுங்கள். பழைய ஈயமே நல்லது. புது ஈயத்தில் லெட்-210 என்ற கதிரியக்க ஈயம் இருக்கும். அது பாதியாகவே 22 ஆண்டு ஆகும்.

கருவியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் சிந்தினால் சுமார் 700 லிட்டர் வாயுவாகி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மணமில்லை, மூச்சும் முட்டாது. ஆள் அப்படியே மயங்கி விழுவார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒன்று, முகமட்டத்தில் ஒன்று என ஆக்சிஜன் மீட்டர்களைப் பொருத்தி, 19.5 சதவீதத்தில் அலாரம் வையுங்கள். அலாரம் அடிக்கும்போது விழுந்தவரைத் தூக்க யாரும் வெறுமனே உள்ளே ஓடக்கூடாது. சுவாசக் கருவி மாட்டியவர் மட்டுமே போக வேண்டும்.