இஇஜி ‘நார்மல்’ என்று வந்த பிறகும் வலிப்பு மாத்திரையை ஏன் தொடரச் சொல்கிறார்கள்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கடலுக்குப் போகும் தம்பிக்குச் சில மாத இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிவுசெய்யும் இஇஜி சோதனையை மதுரையில் எடுத்து, அறிக்கையில் ‘நார்மல்’ என்று வந்திருக்கிறது. ஆனாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறார் மருத்துவர். கடலில் பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்குக் கை மரத்துப்போவதால் அவருக்கும் நரம்புச் சோதனை எழுதித் தந்திருக்கிறார்கள். நார்மல் என்றால் நோய் இல்லை என்றுதானே பொருள், பிறகு எதற்கு மாத்திரை, அம்மாவுக்கு எதற்கு இன்னொரு செலவு என்பது கேள்வி.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பரிசோதனைக் கூடத்தில், இதே சோதனைகளை எடுத்துத் தருவதுதான் என் வேலை. நான் மருத்துவர் அல்லன்; ஆகவே மாத்திரையின் அளவைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. அந்தக் கோடுகள் எப்படி வருகின்றன, எவ்வளவு தூரம் அவற்றை நம்பலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிக நுண்ணிய மின்சாரத்தின் வழியாகத்தான். ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையின் மேலிருந்து அதை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். இதயத்தின் மின் அலை ஒரு மில்லிவோல்ட் அளவில் இருக்கும் என்றால், தலையின் தோலில் நமக்குக் கிடைக்கும் மூளையலை அதில் பத்தில் ஒரு பங்கு முதல் நூற்றில் ஒரு பங்குவரைதான் இருக்கும். நடுவில் மண்டையோடு இருப்பதால் தனி ஒரு நரம்பணுவின் செயல் வெளியே வரவே வராது. மீன் ஏலம் நடக்கும் கொட்டகைக்கு வெளியே, சுவருக்கு அப்பால் நிற்பவருக்குத் தனி ஒருவர் கேட்கும் விலை காதில் விழாமல், பலர் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கும்போது மட்டும் இரைச்சல் எழுந்து அடங்குவது தெரியும் அல்லவா, ஏறக்குறைய அதே நிலைதான் இதுவும். மூளையின் மேற்பரப்பில் பல சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள அணுக்கள் ஒருசேர இயங்கினால்தான் கோடு அசையும். வலிப்பின் ஊற்று, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான பொட்டுமடலின் உட்பக்கத்திலோ, மூளையின் மடிப்புக்குள் ஆழமாகவோ இருந்தால், உள்ளே பொறி பறந்துகொண்டிருக்கும்போதே மேலே கோடு அமைதியாக ஓடும்.

இதைவிடப் பெரிய காரணம் நேரம். வழக்கமான பதிவு இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை நடக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் வலிப்பு வருவது அரிது. இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியான காலத்தில் அவ்வப்போது தோன்றி மறையும் கூர்முனை அலைகளைத்தான் நாங்கள் தேடுகிறோம். வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் முதல் இஇஜியில் அவை அகப்படுவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். தூக்கத்தோடு சேர்த்து, மறுபடியும் மறுபடியும் எடுத்தால் அது ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு உயரும். அப்போதும் சிலருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே, உங்கள் தம்பியின் அறிக்கையில் உள்ள ‘நார்மல்’ என்ற சொல்லை, ‘பதிவு நடந்த நேரத்தில் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை’ என்று வாசியுங்கள். அறிக்கைகளில் இதையே ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால் ஊரில் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மருத்துவர் மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. உலக வலிப்பு நோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2014இல் வகுத்த வரையறையின்படி, காய்ச்சல், சர்க்கரை குறைதல், குடியைத் திடீரென நிறுத்துதல் போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்புகள் வந்திருந்தாலே அது வலிப்பு நோய். அந்த வரையறையில் இஇஜி இயல்பாக இருக்கிறதா இல்லையா என்பது நிபந்தனையாகவே இல்லை. தம்பிக்கு இரண்டு முறை வந்திருப்பதை மருத்துவர் உங்களிடம் விசாரித்து உறுதிசெய்துகொண்டார் என்றால், அவர் முடிவு அதன் மேல்தான் நிற்கிறது.

அப்படியானால் இஇஜி எதற்கு? நோய் உண்டா என்ற கேள்வியைவிட, எந்த வகை என்ற கேள்விக்கு அது நன்றாக விடை சொல்லும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பெண் குழந்தை நாளுக்குப் பல முறை சில வினாடிகள் பார்வை நிலைத்துப்போய், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுதத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் கவனம் இல்லை என்று டீச்சர் அதட்டுவார். அந்தக் குழந்தையைக் கூடத்தில் படுக்கவைத்து, மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு வாங்கி விடச் சொல்லி, ஒன்று, இரண்டு என்று எண்ணவும் சொல்வோம். திடீரென எண்ணிக்கை நிற்கும், இமை லேசாகத் துடிக்கும், அதே கணத்தில் திரையில் வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனையும் அகன்ற அலையும் மாறி மாறி எழும். பத்து வினாடியில் எல்லாம் அடங்கி, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவாள். இந்த அலை வடிவம் 1935இலேயே பதிவுசெய்யப்பட்டது. இதைக் கண்டுகொள்வது மருந்தைத் தேர்ந்தெடுக்க மிக முக்கியம். ஏனெனில் மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபைன், இந்த வகை வலிப்பை அதிகமாக்கிவிடக்கூடும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அரைத்தூக்கத்தில் இயல்பாகவே எழும் சில கூர்மையான அலைகளை வலிப்பு அலை என்று தவறாகப் படித்துவிடுவதால், வெறும் மயக்கம் போட்டு விழுந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட நேர்கிறது. உச்சி வெயிலில், தண்ணீரும் குடிக்காமல் வலை இழுத்தவர் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழும்போதும் கைகால் சில வினாடிகள் வெட்டி இழுக்கும். கரையில் அதையும் ஃபிட்ஸ் என்றுதான் சொல்வார்கள். ஆகவே விழுந்த விதத்தைப் பார்த்தவர் சொல்லும் விவரம், நான் எடுத்துத் தரும் எந்தக் கோட்டையும்விடப் பெரியது. படகில் உடனிருந்தவரை, முடிந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதலில் எந்தக் கை இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, தெளிந்த பிறகு எவ்வளவு நேரம் ஆளை அடையாளம் தெரியாமல் இருந்தார் என்பவைதான் அவர் கேட்கப்போகும் கேள்விகள். அடுத்த முறை வந்தால் ஒருவர் செல்பேசியில் படம் எடுக்கட்டும். இன்னொருவர் தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைக்கட்டும். கையில் சாவியையோ இரும்பையோ திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக அடங்கும் நேரத்தில் இரும்புக்குப் பெயர் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு தாமதமும் நடக்கிறது. பொட்டுமடலில் தொடங்கும் வலிப்பில் ஆள் கீழே விழாமலேயே, காரணமற்ற திகிலும் இல்லாத வாடையும் தோன்ற, வெறித்துப் பார்த்தபடி வாயை மெல்லுவதும் சேலைத் தலைப்பைப் பிசைவதுமாகச் சில நிமிடங்கள் இருப்பார். இதைப் பேய் என்று எண்ணி ஏர்வாடிக்கோ கோவிலுக்கோ அழைத்துச் சென்று அங்கேயே மாதக்கணக்கில் தங்கிவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுதலை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஏர்வாடி தர்காவிலேயே மனநோயாளிகளுக்காகத் துவா என்ற பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. வலிப்புக்கும் அதே வழி பொருந்தும்.

தம்பிக்கு மறுபடி இஇஜி எழுதினால், அதை முழுப் பயனுள்ளதாக ஆக்குவது உங்கள் கையிலும் இருக்கிறது. முதல் நாள் தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். மூக்கின் மேட்டிலிருந்து பின்மண்டை முடிச்சுவரை டேப்பால் அளந்து, அந்த நீளத்தில் பத்து, இருபது சதவீதம் என்று குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் தோலைத் தேய்த்துப் பசை வைத்து மின்முனையை ஒட்டுகிறோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காமல், மூளையலைக்குப் பதில் வீட்டு மின்சாரத்தின் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் வரும். வியர்த்தாலும் கோடு மெல்ல ஏறி இறங்கி அலைபாயும். ‘தூங்காமல் வரவும்’ என்று எழுதியிருந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் கெடுவது வலிப்பலைகளைத் தூண்டும் என்பதாலும், அப்படி வந்தவர் கூடத்திலேயே தூங்கிவிடுவார் என்பதாலும்தான் அப்படிச் சொல்கிறோம். இராமேஸ்வரத்திலிருந்து வருபவர்கள் ரயிலில் மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு வந்து படுக்கையில் விழித்துக்கொண்டு கிடப்பதை அடிக்கடி காண்கிறேன். கூட வருபவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரட்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருவது ஆபத்து. இதே தூக்கக் கேடு காரணமாகத்தான், இரவு முழுவதும் கண்விழித்துத் தொழில் செய்வது தம்பிக்கு இப்போதைக்கு ஆகாது. கடலில் வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தால் காப்பாற்ற நேரம் இருக்காது என்பதும் தெரிந்ததுதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, அது போதாதா என்றும் கேட்பார்கள். எம்.ஆர்.ஐ. மூளையின் கட்டமைப்பைக் காட்டும். தழும்பு, கட்டி, நம் நாட்டில் வலிப்புக்குப் பெரிய காரணமாக இருக்கும் நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி ஆகியவை அதில் தெரியும். மூளை எப்படி இயங்குகிறது என்பதை இஇஜிதான் சொல்லும். இரண்டும் இயல்பாக இருந்தும் வலிப்பு தொடர்ந்தால், நாள்கணக்கில் படுக்கவைத்து வீடியோவோடு பதிவுசெய்யும் வசதி பெரிய மையங்களில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் அதற்குப் பெயர்பெற்றது. இதற்கிடையே, மூளையை வண்ணப் படமாக்கிக் காட்டி, மன அழுத்தம் இத்தனை சதவீதம் என்று அச்சடித்துத் தரும் ‘பிரெய்ன் மேப்பிங்’ தொகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த வண்ணங்களை மட்டும் வைத்து எந்த நோயையும் உறுதிசெய்ய முடியாது.

இனி அம்மாவின் கை. பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் நீருக்குள் பாறையைப் பற்றிப் பிடுங்குவதை நீங்கள் வீட்டிலேயே அறிந்திருப்பீர்கள். அந்த வேலையில் மணிக்கட்டு ஓயாமல் மடங்குவதால், அங்கே உள்ள குறுகிய பாதையில் நடுநரம்பு நசுங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. சோதனையில் முழங்கையிலும் மணிக்கட்டிலும் சிறு மின் தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் தசை எத்தனை மில்லி வினாடியில் அசைகிறது என்று பார்ப்போம். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 22 சென்டிமீட்டர், நேர வித்தியாசம் 4 மில்லி வினாடி என்றால், நரம்பின் வேகம் வினாடிக்கு 55 மீட்டர். கையில் 50க்கு மேல் இருந்தால் இயல்பு. முன்கையில் வேகம் சரியாக இருந்து, மணிக்கட்டைக் கடக்கும்போது மட்டும் தாமதம் தெரிந்தால், நசுங்கும் இடம் அதுதான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு நன்றாக இருப்பதும் அதை உறுதிப்படுத்தும். எல்லா நரம்புகளிலும், குறிப்பாகக் கால்களிலும் குறை தெரிந்தால் சர்க்கரை, பி12 குறைபாடு என்று வேறு பக்கம் தேட வேண்டும். வேகம் குறைந்தால் நரம்பின் மேலுறை கெட்டிருக்கிறது, வேகம் இருந்தும் அலையின் உயரம் குறைந்தால் நரம்பு இழையே அழிந்திருக்கிறது என்பது பொதுவான கணக்கு.

இதற்கும் எல்லை உண்டு. வலியையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகளை இந்தச் சோதனை அளப்பதில்லை. சர்க்கரை நோயில் பாதம் தீயாய் எரிகிறது என்பவருக்கு அறிக்கை இயல்பாக வருவது அதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. கைகால் விழும் கில்லன்-பாரே நோயிலும் முதல் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். சில வேளைகளில் அளந்துகொண்டிருக்கவே கூடாது: பேத்தை மீனைத் தின்று உதடும் நாக்கும் மரத்துப்போனவருக்கு, அதன் நஞ்சு நரம்பில் மின்சாரம் ஓட வழிவிடும் சோடியம் வாயில்களை அடைத்து மூச்சுத் தசையை நிறுத்திவிடும் என்பதால், செயற்கைச் சுவாசம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை.

அம்மாவைக் கடலிலிருந்து எழுந்த கையோடு அழைத்து வராதீர்கள். கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேகம் குறைந்து, இல்லாத நோய் இருப்பதுபோல் தோன்றும். ஏசி அறையில் காத்திருந்தவர்களின் கையைக்கூட வெந்நீர்ப் பையால் சூடாக்கிய பிறகே நாங்கள் தொடங்குகிறோம். வளையல்களைக் கழற்றிவிட்டு வரட்டும். தைலமோ களிம்போ பூச வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். பின்னது தசைக்குள் ஊசி செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு முக்கியம். மின் தூண்டல் சுளீரென்று இருக்கும், ஆனால் தீங்கில்லை. முடிந்ததும் ஒரு வரி முடிவை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், அலைகளும் எண்களும் உள்ள தாள்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் இஇஜிக்கும் இது பொருந்தும். அடுத்து பார்க்கும் மருத்துவர் அதையே மறுபடி படித்துப் பார்க்கலாம்.