ஜாய்ஸின் 'அராபி': டீச்சரிடம் கேட்டவை

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பிலுள்ள 'அராபி' சிறுகதை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவை.

களுவாஞ்சிக்குடி: டீச்சர், கதைச்சுருக்கம் தாங்க.

தரமாட்டன். சின்னக் கதை, வாசியுங்க. நண்பன் மங்கனின் சகோதரியில் மனம் வைத்த பையன், அவளுக்கு ஏதாவது வாங்கிவாறன் என்று சொல்லி 'அராபி' என்ற சந்தைக்குப் பிந்திப் போகிறான். இவ்வளவுதான் என்னிடம் கிடைக்கும்.

ஆரையம்பதி: அது காதலா, வெறும் மயக்கமா?

காதல்தான். ஆனால் அவளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? வாசலுக்கு எதிரே உள்ள விளக்கின் வெளிச்சம் அவள் கழுத்தில் விழுகிறது, கம்பிவேலியில் வைத்த கையில் விழுகிறது. பேசும்போது வெள்ளிக் காப்பைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள். மிச்சத்தை அவன் செபத்திலிருந்து எடுத்து நிரப்புகிறான். சனிக்கிழமைச் சந்தை நெரிசலில், பூசைக் கிண்ணத்தைப் பகைவர் நடுவே பத்திரமாகக் கொண்டுபோவதாக அவனுக்கு நினைப்பு. கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு ஆசையைச் சொல்ல வேறு பாஷை இல்லை.

ஒன்று கவனம்: கதை சொல்பவர் வளர்ந்த மனிசன். 'சிறுவன் கூறுகிறான்' என்று எழுதாதீங்க. பூசைக் கிண்ணம் பற்றிய அந்தப் பகிடி பெரியவருடையது.

கல்முனை: மாமா குடிச்சிட்டுப் பிந்தி வந்ததாலதானே எல்லாம் பாழ்?

மாமா குடித்தார் என்று கதை எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. தனக்குள் பேசுகிறார், கோட்டுப் பாரத்தில் கோட்ஸ்டாண்ட் ஆடுகிறது, அதிலிருந்து பையன் விளங்கிக்கொள்கிறான். வந்தது ஒன்பது மணிக்கு, கொடுத்தது ஒரு ஃபுளோரின், அதாவது 24 பென்ஸ். சந்தையில் ஆறு பென்ஸுக்கு நுழையும் வாசலைக் காணாமல் ஒரு ஷில்லிங், 12 பென்ஸ், கொடுத்து நுழைகிறான். கடைசியில் பையில் எட்டுப் பென்ஸ். அப்படியென்றால் ரயிலுக்கு நாலு போயிருக்கும்.

சாய்ந்தமருது: அப்ப பிழை மாமாவில்தான், டீச்சர்! நேரத்துக்குப் போயிருந்தா வாங்கியிருப்பான்.

கல்முனை: இல்ல, காசு காணாது.

ரெண்டு பேரும் கணக்கையே பிடிச்சிட்டீங்க. சந்தைக் கடையில் இருந்த பூச்சாடி என்ன விலை என்று அவன் கேட்கவே இல்லை. கடைக்காரப் பெண் ரெண்டு ஆண்களோடு 'சொன்னாய்', 'சொல்லல்ல' என்று சிரிச்சிக்கொண்டு நிற்கிறாள். இவனிடம் கடமைக்கு வந்து ஏதாவது வேணுமா என்கிறாள், 'வேணாம்' என்றுவிடுகிறான். அந்த வெறும்பேச்சு காதில் விழும்போதுதான் தன் ஆராதனையின் எடை அவனுக்குத் தெரிகிறது. மாமா ஏழு மணிக்கு வந்திருந்தாலும் அந்தப் பேச்சு அங்கதான் இருந்திருக்கும். சாய்ந்தமருது ஒத்துக்கொள்ளமாட்டார், தெரியும்.

அக்கரைப்பற்று: சுருக்கம் கிடைக்குமா?

மேலே பாருங்க.

வாழைச்சேனை: மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாக் கடையில இதே மாதிரி ஒரு கதை எழுதலாமா?

தாராளமா. காசைச் சல்லிக்கணக்கில் வைங்க: பஸ்ஸுக்கு எவ்வளவு, காப்புக்கு எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு. பிந்துவதற்கு ஒரே காரணம் போதாது, மூணு காரணமாவது அடுக்குங்க, ஒன்றும் பெரிசா இருக்கக்கூடாது. அவன் விரும்பும் பெண்பிள்ளையை ஒருமுறை மட்டும் பக்கத்தில் காட்டுங்க. கடைசியில் 'அன்றுதான் அவன் வளர்ந்தான்' என்று எழுதினால் திருப்பி அனுப்புவன். திரும்பவும் சொல்றன், சொல்பவர் பெரியவர்.

ஏறாவூர்: அந்தச் சந்தை உண்மையா நடந்ததா?

ஓம். 1894 மே மாதம் டப்ளினில், ஜேர்விஸ் வீதி ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்க நடந்தது.