பாலியில் ஒன்றரை நாள்: வாசகர் கேள்விகள்

மெல்பேர்னில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு நானும் கணவரும் ஊர் திரும்புகிறோம். வழியில் பாலியில் மதியம் இறங்கி ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் இரவு விமானம். உபுத் ஊர், தானா லோட் கோயில், உலுவாத்து கோயில் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
- வாசகி, காரைக்குடி

முடியாதும்மா. மூன்றும் மூன்று பக்கம். விமான நிலையத்திலிருந்து உபுத் 35 கிலோமீட்டர்தான், ஆனால் குறுகலான சாலை, அதில் ஸ்கூட்டர் கூட்டம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் காருக்குள்ளேயே போய்விடும். உபுத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தானா லோட்டையும்தான்.

உலுவாத்துவை மட்டும் வந்திறங்கிய அன்றே பாருங்கள். பெட்டியோடு காரை அமர்த்திக்கொண்டு நேரே போய்விடலாம். கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேல் கோயில். பொழுது சாயும் நேரத்தில் அங்கே கெச்சாக் ஆட்டம் நடக்கும். மேளமோ வேறு வாத்தியமோ கிடையாது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ‘சக், சக்’ என்று குரலாலேயே தாளம் போட, நடுவில் சீதையும் அனுமனும் வருவார்கள். ஆட்டம் முடிந்ததும் அத்தனை கார்களும் ஒரே சாலையில் இறங்கும். அதனால்தான் ஊர் திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். வந்த காரையே காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம், உங்கள் கணவர் கண்ணாடி போடுபவர் என்றால் கோயிலுக்குள் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். அங்கே குரங்குகள் குறிபார்ப்பதே கண்ணாடியைத்தான்.

இரவு சனூரில் தங்குங்கள். கிழக்குக் கரை, கடலில் சூரியன் உதிக்கும் பக்கம். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் கடல் அமைதியாக இருக்கும். கரையோரமாகவே நடைபாதை போகிறது, வயதானவர்கள் ஆற அமர நடக்கலாம்.

ஆனால் காலையில் நடைக்குக் கிளம்புமுன் விடுதி வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் இடுப்பில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பெண் பெரிய தட்டோடு வந்தார். தட்டு நிறையத் தென்னங்குருத்தில் பின்னிய, உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் தட்டுகள். சனாங் சாரி என்கிறார்கள். அடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. மேலே வெள்ளைப் பூ கிழக்கே, சிவப்பு தெற்கே, மஞ்சள் மேற்கே, நீலம் வடக்கே. ஒவ்வொன்றிலும் ஊதுபத்தி செருகி, விரலிடுக்கில் ஒரு பூவைப் பிடித்துத் தீர்த்தம் தெளித்தார். மாடத்தில் ஒன்று, வாசல் தரையில் ஒன்று, கல்லாப்பெட்டி மேல் ஒன்று, ஸ்கூட்டர் மேலும் ஒன்று. துளி அவசரமில்லை. அந்த வெற்றிலை பாக்கைப் பார்த்ததும் நான் நடையை மறந்து நின்றுவிட்டேன். பாலியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். டிக்கெட் வேண்டாம், கார் வேண்டாம். தரையில் வைத்ததை மட்டும் மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள்.

விசா, பணம் பற்றிச் சொல்லுங்களேன்.
- வாசகர், திண்டுக்கல்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும். 30 நாளுக்கு 5,00,000 ருப்பியா. கிளம்புமுன்னே இணையத்தில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். பாலிக்கு மட்டும் 2024 பிப்ரவரியிலிருந்து தனியாக 1,50,000 ருப்பியா சுற்றுலா வரி உண்டு, அதையும் இணையத்திலேயே கட்டலாம். பூஜ்யங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம்: ஒரு லட்சம் ருப்பியா என்பது நம் பணத்தில் 500 ரூபாய்க்குச் சற்று மேல். உணவகப் பட்டியலில் 35 என்று போட்டிருந்தால் 35,000 என்று அர்த்தம். பணம் மாற்றும்போது, சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகப் பலகை வைத்திருக்கும் சந்துக்கடைப் பக்கம் போகாதீர்கள். எண்ணித் தருகிற கையிலேயே தாள் குறையும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
- வாசகி, கும்பகோணம்

இல்லவே இல்லை. ‘வாருங்’ என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு, கீரை, தெம்பே, தாஹு (சோயாப் பன்னீர்) எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கலாம். தெம்பே என்பது புளிக்கவைத்த சோயா, பொரித்துத் தந்தால் அருமை. கவனிக்க வேண்டியது சம்பல். காய்கறிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சம்பலிலும் ‘தெராசி’ என்ற இறால் விழுது கலந்திருப்பது வழக்கம். ‘தன்பா தெராசி’ என்று சொல்லிவிடுங்கள், போடாமல் தருவார்கள். காதோ-காதோ (வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறிக் கலவை) கேட்டால் முட்டையும் இறால் அப்பளமும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கோயிலுக்குள் நம்மை விடுவார்களா? வேறென்ன கவனிக்க வேண்டும்?
- வாசகர், தஞ்சாவூர்

பெரிய கோயில்களில் விடுவார்கள். இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்ட வேண்டும், பல கோயில்களில் வாசலிலேயே தருவார்கள். மாதவிலக்கு நாளில் உள்ளே வரக்கூடாது என்று பலகை இருக்கும். பூஜை நடக்கும் உள்பிராகாரம் பக்தர்களுக்கு மட்டும்தான்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். நம் சின்ன இரண்டு முனை பிளக் அங்கே பொருந்தும், மூன்று முனை பொருந்தாது. மார்ச் மாதப் பயணம் என்றால் டிக்கெட் போடுமுன் ‘ஞெப்பி’ எந்தத் தேதி என்று பாருங்கள். அவர்களுடைய சக வருடப் பிறப்பு அது. அன்று விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள், விடுதியை விட்டு யாரும் வெளியே வர முடியாது.