எண் கம்பியை விட்டுப் பிரிந்த விதம்: செல்பேசி வலையமைப்பு பற்றிய கேள்வி பதில்

அழைப்புகளை இணைத்துவிடும் தொலைபேசி இணைப்பகங்களில் (எக்ஸ்சேஞ்சுகளில்) நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். பழைய தொலைபேசி வலையமைப்புடன் டவர்களைச் சேர்த்தால் அதுவே செல்பேசி வலையமைப்பு ஆகிவிடாதா?

ஆகாது. வானலை மாற்றியது கடைசிச் சில கிலோமீட்டர்களை மட்டுமே. பழைய இணைப்பகத்தில் ஓர் எண் என்பது ஆளையும் குறிக்கவில்லை, கருவியையும் குறிக்கவில்லை. சந்தாதாரரின் வீட்டிலிருந்து வரும் ஓரிணைச் செம்புக்கம்பி எங்கே வந்து முடிகிறதோ அந்த இடத்தையே குறித்தது. ஒருவர் அதே இணைப்பகத்தின் எல்லைக்குள் வீடு மாறினால், கம்பிச் சட்டகத்தின் முன் நின்று ஜம்பர் கம்பியைக் கழற்றி வேறு இணையில் பொருத்துவோம். எல்லையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எண்ணே மாறிவிடும். நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறும் ஒருவருக்கு அந்த ஜம்பரை யார் மாற்றுவது? அந்த வேலையைத் தரவுத்தளங்களிடம் ஒப்படைத்ததுதான் உண்மையான மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நான் எங்கே இருக்கிறேன் என்பது அழைப்பு வரும் நொடியில் எப்படித் தெரிகிறது?

இரண்டாம் தலைமுறைச் (2ஜி) செல்பேசித் தரநிலையான ஜிஎஸ்எம் முறையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தில் எச்எல்ஆர் எனப்படும் தாய்ப் பதிவேடு ஒன்று உண்டு. நீங்கள் இப்போது இருக்கும் பகுதியின் இணைப்பகத்திடம் விஎல்ஆர் எனப்படும் வருகைப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு டவரும் தன் பகுதியின் அடையாளத்தை இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. அது மாறியதைக் கவனித்ததும், நீங்கள் எதுவும் செய்யாமலேயே செல்பேசி தன் வருகையைப் பதிவு செய்கிறது, புதிய பகுதியின் விஎல்ஆர் அந்தச் செய்தியை எச்எல்ஆருக்கு அனுப்புகிறது.

அழைப்பு வரும்போது, அதை முதலில் வாங்கும் உங்கள் நிறுவனத்தின் நுழைவாயில் இணைப்பகம், நீங்கள் எங்கே என்று எச்எல்ஆரிடம் கேட்கிறது. எச்எல்ஆர் விஎல்ஆரிடம் கேட்கிறது. விஎல்ஆர் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் தற்காலிக எண் ஒன்றைத் தருகிறது. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். அந்தத் தற்காலிக எண் சாதாரணத் தொலைபேசி எண்ணைப் போன்றதே என்பதால், வழியிலுள்ள பழைய இணைப்பகங்கள் எதையும் மாற்றாமல், அழைப்பை எப்போதும் போலவே கொண்டுசேர்த்தன. கடைசியில், அந்தப் பகுதியிலுள்ள எல்லா டவர்களும் உங்கள் செல்பேசியைக் கூப்பிட, அது எந்த டவர் வழியாகப் பதில் சொல்கிறதோ அதன் வழியே மணி அடிக்கிறது.

பகுதியைப் பெரிதாக வகுத்தால் ஒவ்வோர் அழைப்புக்கும் பல டவர்கள் கூவ வேண்டியிருக்கும். சிறிதாக வகுத்தால் செல்பேசிகள் ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். இந்த அளவைத் தீர்மானிப்பது இன்றும் வலையமைப்புப் பொறியாளர்களின் முக்கியமான வேலை.

கேள்வி: பதிவேடுகள் பேசிக்கொள்ளத் தனிப் பாதை உண்டா?

உண்டு. முன்பு சமிக்ஞையும் (அழைப்பை இணைக்க இணைப்பகங்கள் பரிமாறும் தகவல்), பேச்சும் ஒரே தடத்தில் சென்றன. 1980இல் வரையறுக்கப்பட்ட ஏழாம் எண் சமிக்ஞை முறை, இணைப்பகங்களுக்கிடையிலான சமிக்ஞையைத் தனித் தரவுப் பாதைக்கு மாற்றியது. பேச்சுத்தடம் எதையும் திறக்காமலேயே பதிவேட்டிடம் கேள்வி கேட்க முடிந்தது இதனால்தான்.

கேள்வி: செல் என்னும் கருத்து, அதாவது ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் வைப்பது, 1947இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்டதாமே, ஏன் இவ்வளவு தாமதம்?

அலைவரிசை ஒதுக்கீடு கிடைக்காதது ஒரு காரணம். மற்றொன்று, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இணைப்பை ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கணினியால் இயங்கும் இணைப்பகம் வேண்டும். அது அன்று இல்லை. 1973இல் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் கையடக்கக் கருவியில் பேசிக் காட்டினார். 1979இல் டோக்கியோவில் வணிகச் சேவை தொடங்கியது. 1991இல் பின்லாந்தில் ஜிஎஸ்எம் வந்தது.

கேள்வி: சிம் அட்டையின் பங்கு என்ன?

கருவியிலிருந்து சந்தாதாரரைப் பிரித்தது அதுதான். சிம்மை வேறு செல்பேசியில் போட்டால் உங்கள் எண் அதற்குப் போய்விடுகிறது.

கேள்வி: ஆரம்பகால 4ஜி செல்பேசிகளில் அழைப்பு வந்ததும் இணையம் மந்தமானது ஏன்?

4ஜி முழுக்கத் தரவுப் பொட்டலங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பேச்சுக்கென்று தனித் தடம் அதில் கிடையாது. பேச்சையும் 4ஜி வழியாகவே அனுப்பும் வோல்ட்டி வசதி வரும் வரை, அழைப்பு வந்ததும் செல்பேசி 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு, முடிந்தபின் மீண்டும் 4ஜிக்கு ஏறியது. நீங்கள் கண்ட மந்தம் அந்த இறக்கத்தால் வந்தது.