நரம்புத் தொகுதி: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: எனது தாயாருக்குச் சென்ற மாதம் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்காமற் போய்விட்டன. பேச்சும் சரியாக வருவதில்லை. ஸ்கேன் அறிக்கையிலோ மூளையின் இடப்பக்கத்தில் பாதிப்பு என்றிருக்கிறது. பக்கம் மாறி எழுதிவிட்டார்களா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அறிக்கை சரியானதே. கையையும் காலையும் அசைக்கும் கட்டளைகள் மூளையத்தின் மேற்பட்டையில் பிறந்து கீழிறங்குகின்றன. மூளை, முள்ளந்தண்டினுள் இறங்கும் நரம்புத் தண்டான முண்ணாணுடன் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, நீள்வளையமையவிழையம் எனப்படும் மூளையின் கீழ் நுனிப் பகுதியின் அடியில், அந்த நார்களுள் பெரும்பாலானவை எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. தொடுகை, வலி போன்ற உணர்வுகளை மேலே கொண்டுசெல்லும் நார்களும் வழியில் ஓரிடத்தில் பக்கம் மாறுகின்றன. ஆகவே இடது மூளையம் பழுதுபட்டால் வலது உடலே தளரும்.

பேச்சும் சேர்ந்து பாதிக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. வலக்கைப் பழக்கமுடையோருள் மிகப் பெரும்பாலானோருக்குப் பேச்சுக்குரிய பகுதிகள் இடது மூளையத்திலேயே அமைந்துள்ளன. பாரிஸ் நகரத்து வைத்தியரான போல் புரோக்கா (Paul Broca), பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து, அதன் இடப்பக்கத்தில் பாதிப்பு இருந்ததை 1861 இல் எடுத்துக்காட்டினார். அப்பகுதிகளுக்கும் வலது முகம், வலது கை ஆகியவற்றை ஆளும் பகுதிக்கும் குருதி கொடுப்பது ஒரே நாடி. அது அடைபடும்போது எல்லாம் ஒன்றாகவே போகின்றன.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கரண்டியைக் காட்டி இது என்னவென்று கேட்கும்போது, தாயார் அதன் பெயரைத் தேடித் தவிக்கிறாரா, அல்லது பெயரைச் சொல்லியும் நாக்குப் புரளாமல் குழறுகிறாரா? முன்னையது மொழிப் பகுதியின் பாதிப்பு, பின்னையது வாய்த் தசைகளின் தளர்ச்சி. இரண்டுக்கும் பயிற்சி வேறு என்பதால், பேச்சுப் பயிற்சியாளரிடம் நீங்கள் கண்டதை விவரமாகச் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: அடைப்பினால் வரும் பாரிசவாதத்தில் குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுதியானவர்களுக்கு, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எண்ணெய் தடவிப் பார்ப்போம் என்று அந்த நேரத்தைக் கழிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உடனே அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இரண்டாவது பிரசவமும் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். நாரியில் ஊசி போட்டு விறைக்கச் செய்வார்களாம். முண்ணாணில் ஊசி பட்டுக் கால் வழங்காமற் போய்விடுமென உம்மா பயப்படுகிறார்.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உம்மாவின் பயம் இயல்பானது, ஆனால் ஊசி குத்தப்படும் இடத்தில் முண்ணாணே இல்லை. கருவின் மூன்றாம் மாதத்தில் முண்ணாண் முள்ளந்தண்டுக் கால்வாயின் முழு நீளத்துக்கும் இருக்கிறது. அதன்பின் என்பு வளரும் வேகத்துக்கு அது வளர்வதில்லை. ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமுள்ள வளர்ந்தவரின் முண்ணாண், நாரியின் முதலாம், இரண்டாம் முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை, கால்களுக்கும் சலப்பைக்கும் செல்லும் நரம்பு வேர்களும் அவற்றைச் சூழ்ந்த மூளைய முண்ணாண் பாய்பொருளுமே.

மயக்க மருந்து வைத்தியர் உங்கள் மனைவியைக் கட்டிலின் ஓரத்தில் இருத்தி, நாடி (முகவாய்) நெஞ்சில் படும்படி முதுகை வளைக்கச் சொல்வார். பின்னர் இரு இடுப்பென்புகளின் மேல் விளிம்புகளையும் விரலால் தடவிப் பிடிப்பார். அவ்விரண்டையும் இணைக்கும் கோடு நாரியின் நான்காம் முள்ளென்பளவில் செல்வதால், அதனை அடையாளமாக வைத்தே ஊசியின் இடத்தைத் தெரிவு செய்கிறார். வாவித் தண்ணீரில் அலையும் பாசியை ஈர்க்கினால் குத்த முயன்றால் அது விலகிக்கொள்வதுபோல, பாய்பொருளில் மிதக்கும் வேர்களும் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. எப்போதாவது ஒரு வேரில் பட்டால் காலில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்றிருக்கும். அதை உடனே சொல்லிவிட வேண்டும்.

மருந்து ஏறியதும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வயிற்றில் வைத்துக் குளிர்கிறதா என்று கேட்பார்கள். குளிரையும் வலியையும் கொண்டுசெல்லும் மெல்லிய நார்கள் முதலில் அடங்குவதால் இந்தச் சோதனை. அறுவையின்போது இழுபடுவது ஓரளவு தெரியும், நோகாது. சில மணித்தியாலங்களில் கால்கள் பழையபடி அசையும். அடுத்த நாட்களில் எழுந்து இருக்கும்போது கூடி, படுத்ததும் தணியும் தலைவலி வந்தால் வாட்டில் தெரிவியுங்கள்; ஊசித் துளையால் பாய்பொருள் கசிவதால் அது வரலாம், சிகிச்சையும் உண்டு.

கேள்வி: சூடான சட்டியைத் தொட்டால், நோவு தெரிவதற்கு முன்பே கை பின்வாங்குவது எப்படி?
– மாணவர், கொக்கட்டிச்சோலை

பதில்: அந்தத் தெறிவினைக்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. தோலிலிருந்து வரும் புலன் நரம்புக்கலம் முண்ணாணின் நரைநிறப் பொருளில் இடைத்தூது நரம்புக்கலத்துக்கும், அது இயக்க நரம்புக்கலத்துக்கும் செய்தியைக் கடத்தக் கை மடங்குகிறது. மூளைக்குச் செய்தி சற்றுப் பிந்தியே போய்ச் சேருகிறது. ஆயினும் மூளைக்குத் தடுக்கும் அதிகாரம் உண்டு: விருந்தினருக்குக் கொண்டுபோகும் தேநீர்க் கோப்பை சுட்டாலும், மேசையில் வைக்கும்வரை நீங்கள் அதைக் கீழே போடுவதில்லையே.

கேள்வி: தேங்காய் பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்த என் தம்பிக்குக் கைகள் நன்றாக இயங்குகின்றன, மார்புக்குக் கீழே உணர்வே இல்லை. இது ஏன்? குணமாகுமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: முண்ணாணிலிருந்து 31 இணை நரம்புகள் வெளியேறுகின்றன. கழுத்தின் கீழ் நான்கு இணைகளும் மார்பின் முதலாவது இணையும் கைகளை இயக்குகின்றன. தம்பியின் முண்ணாண் அந்த மட்டத்துக்குக் கீழே பழுதுபட்டிருப்பதால் கைகள் தப்பின. கழுத்தின் மேற்பகுதியில் பட்டிருந்தால், மூச்சுத் தசையான பிரிமென்றகட்டின் நரம்பும் செயலிழந்து மூச்சே நின்றிருக்கும். இதனாற்றான், மரத்தால் விழுந்தவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் இருத்துவது பெரும் பிழை. கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்தியே கொண்டுசெல்ல வேண்டும்.

கையில் வெட்டுப்பட்ட நரம்பு, தைத்துவிட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் வளரக்கூடும். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நார்களுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. முழுதாக அறுபட்டதா, நசுங்கியதா என்பதைப் பொறுத்தே மீட்சி அமையும். விழுந்த புதிதில் இதை முடிவாகச் சொல்ல இயலாது. கால் விரலிலோ மலவாயைச் சுற்றியோ சிறிதளவு உணர்வு மிஞ்சியிருந்தால் நம்பிக்கை கூடுதல். உணர்வற்ற தோல் அழுந்திப் புண்ணாவது தம்பிக்குத் தெரியாதாகையால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிக் கிடத்தி, குதிகளையும் பிட்டத்துக்கு மேலுள்ள இடத்தையும் நாள்தோறும் பார்த்து வாருங்கள்.